வலது உள்சக்கரம்

புதுக்கடை
27.1.2024

அன்புள்ள தம்பி சுபினுக்கு,

அக்கா எழுதுறேன். கர்த்தர் கிருபையால இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதல். நீயும் லீமாவும் பிள்ளை அஜிஷாவும் எப்படி இருக்கீங்க? பிள்ளை ராத்திரி உறங்குறாளா?

இந்தக் காலத்துல காகிதமான்னு நினைப்பே. போன்ல பேசினா அம்மை ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்துலயே இருக்கா. அவகிட்ட நான் ஏர்போர்ட் படியில சறுக்கி விழுந்தேன்னுதான் சொல்லியிருக்கேன். மெசேஜ்ல அந்த விஷயத்தை எழுதாதே, கம்பெனி உத்தரவுன்னு நீயும் சொல்லிட்டே. பிறகு என்ன செய்ய? கால் மாவுக்கட்டுல கிடக்கு. ஆறு வாரம் பள்ளிக்கூடம் கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோட கணக்குப் பரீட்சையை நினைச்சாத்தான் பதறுது.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில வந்து நின்ன உன் முகத்தைப் பார்த்து நான் ஒண்ணும் பேசல. இப்ப சொல்றேன். அங்கே உங்க கூட இருந்துட்டு ஊருக்குத் திரும்ப ஏறின விமானம் ஓடி நல்ல வேகம் எடுத்தாச்சு. இனி எழும்பும்னு கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன். வலது பக்கம் அடியில ஒரு சத்தம், குவாரியில வெடி வைக்கிற மாதிரி. அதுக்குப் பிறகு அடித்தட்டுல எதையோ எடுத்து அடிக்கிற மாதிரி படபடன்னு. அடுத்தாப்ல பிரேக். பெல்ட் இல்லேன்னா முன் சீட்டுல போய் விழுந்திருப்பேன். நின்ன பிறகு பார்த்தா வலது சக்கரத்துல புகை. கதவுல காத்தடைச்ச சறுக்குப் பாயை விரிச்சு எல்லாரையும் அதுல சறுக்கி எறங்கச் சொன்னாங்க. நான் கீழே போய்ச் சேர்ந்து எழும்புறதுக்குள்ள பக்கத்து சீட்டு திங்கள்நகர்க்காரி என் மேல வந்து விழுந்தா. எனக்குக் கணுக்கால், அவளுக்குக் கை. ஆக பதினாலு பேருக்கு அடி. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை.

நீ விமானச் சக்கரம் பார்க்கிற வேலையிலதானே நிக்கே. எதனால வெடிச்சுதாம்?

பிள்ளைக்கு ஒரு முத்தம்.

உன் அக்கா
சுபிதா


9.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுபின் எழுதுறது. நாங்க மூணு பேரும் சுகம். பிள்ளை பகல்ல உறங்கிட்டு ராத்திரி விழிச்சிருக்கா. அத்தானையும் அம்மையையும் விசாரிச்சதாச் சொல்லு.

உன் கால் எப்படி இருக்கு? உள்ளே எத்தனை ஸ்க்ரூ போட்டிருக்காங்க? கட்டு பிரிச்ச பிறகு நடையில நொண்டல் இருக்குமா? நெய்யூர் டாக்டர் சொன்னதை ஒண்ணு விடாம எழுது. எக்ஸ்ரேயை போட்டோ எடுத்து அனுப்பு. அதை அனுப்புறதுக்குத் தடை இல்லை.

விசாரணை நடக்குது. முடிஞ்சாத்தான் காரணம் தெரியும்.

பக்கத்து பிளாட் எபிசன் லீவுல வாறான். அவன் கையில இதையும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் குடுத்து விடுறேன். அம்மைக்குப் பேரீச்சம்பழம் குடுக்காதே.

அன்புடன்
சுபின்


புதுக்கடை
26.2.2024

அன்புள்ள சுபின்,

சுகந்தானே மக்கா? எபிசன் வீட்டுக்கே கொண்டுவந்து தந்துட்டுப் போனான். பேரீச்சம்பழத்தை அம்மை அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டா.

கட்டு பிரிச்சாச்சு. ரெண்டு ஸ்க்ரூ. பைய நடக்கேன். நொண்டல் ஒண்ணும் இல்லை. நீ இதையே நினைச்சுட்டு இருக்காதே.

விஷயம் தெரிஞ்ச நாலஞ்சு பேரு, அம்மை பக்கத்துல இல்லாத நேரம், சர்ச்சுல என்னைச் சுத்தி நின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாவ. ஒருத்தர் சொல்றார், கேப்டன் பயந்து போயிட்டான், ஒரு டயர் போனா என்ன, மேலே எழும்பியிருந்தா ஒருத்தருக்கும் கை கால் ஒடிஞ்சிருக்காதுன்னு. எனக்கு அது சரியாப் படல. நின்னது நல்லதா, பறந்திருக்கணுமா? நீ சொன்னா நான் நம்புவேன்.

இன்னொண்ணு. அத்தான் ரப்பர் ஷீட் விக்கிற கடையில கேட்டுட்டு வந்து சொல்றார், விமான டயருக்கு நம்ம மரத்துப் பாலுதான் வேணுமாம், செயற்கை ரப்பர் அந்தச் சூட்டைத் தாங்காதாம். பேச்சிப்பாறைப் பக்கத்துப் பாலாக் கூட இருக்கும்னு அவருக்கு ஒரு பெருமை. அப்படின்னா என் காலை ஒடிச்சது நம்ம ஊரு ரப்பர்தான்னு சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரல.

லீமாவைக் கேட்டதாச் சொல்லு. வேலையில கவனமா இரு.

அக்கா
சுபிதா


8.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நொண்டல் இல்லைன்னு எழுதினதைப் படிச்சுட்டு லீமாகிட்டயும் படிச்சுக் காட்டினேன்.

நீ கேட்டதைச் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் விமானம் ஓடுறதுக்கு முன்னாலயே, எடை, காத்து, ரன்வே நீளம் எல்லாம் வச்சுக் கணக்குப் போட்டு ஒரு வேகம் குறிச்சிருப்பாங்க. அந்த வேகத்துக்கு உள்ள நிறுத்தினா ரன்வேயில நிக்க இடம் இருக்கும். அதைத் தாண்டிட்டா நிறுத்தக் கூடாது. டயர் போனாலும் எழும்பி, மேலே ஒரு சுத்து சுத்திட்டு வந்துதான் எறங்கணும். டயர் போச்சேன்னு அதுக்குப் பிறகு பிரேக் பிடிச்சு ரன்வே கடந்து போன விமானங்க உண்டு. ஏன்னா, போன டயர்ல பிரேக் பிடிக்காது. மத்த சக்கரங்கதான் அந்த எடையையும் தாங்கி நிறுத்தணும். கணக்குல உள்ள தூரம் பத்தாது.

உங்க கேப்டன் அந்த வேகத்துக்கு முன்னாலயே நிறுத்தியிருக்கார். முன்னாலன்னா மூணு செகண்ட். ரன்வே முடிய முந்நூறு மீட்டர் மிச்சம் இருந்துது. அவர் பயந்தவர் இல்லைன்னு சர்ச்சுல சொல்லு.

அத்தான் சொன்னதும் சரிதான். இந்த டயர்ல கூடுதலும் மரத்து ரப்பர். கார் டயர்ல காத்து முப்பது இருக்கும்னா இதுல இருநூறு. நைட்ரஜன்தான் அடைப்போம். காத்து குறைஞ்சா ஓடும்போது மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளயே வெந்து போகும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதனாலதான் தினமும், டயர் ஆறி இருக்கும்போது, காத்து அளக்கிற கேஜ் வச்சுப் பார்க்கணும்.

ரன்வேயில பொறுக்கின துண்டுகளைப் பார்த்து, இது காத்து குறைஞ்சு ஓடின டயர்னு சொல்லிட்டாங்க. வலது உள்சக்கரம். ஆனா அன்னைக்குக் காலையில இருநூத்தி மூணு இருந்ததா எழுதியிருக்கு. மூணு மணி நேரத்துல அத்தனை குறையணும்னா வீலைப் பூட்டினதுலதான் தப்புன்னு ஒரு பேச்சு. அந்த வீலைப் பூட்டினது சுடலையாண்டி அண்ணன். வில்லுக்குறிக்காரர், நீ இங்கே இருந்தப்போ நெய்மீன் வாங்கிட்டு வந்து தந்தாரே, அவர்தான். விசாரணை முடியுறது வரைக்கும் அவரை வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லியிருக்கு.

வேற விசேஷம் ஒண்ணுமில்லை. அம்மை மாத்திரையை ஒழுங்கா எடுக்குறாளா?

அன்புடன்
சுபின்


புதுக்கடை
25.3.2024

அன்புள்ள சுபின்,

உயிர்த்தெழுதல் பண்டிகை வாழ்த்து உனக்கும் லீமாவுக்கும். அம்மையும் அத்தானும் சுகம். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியாச்சு.

நேத்து சாயங்காலம், அம்மை சர்ச்சுக்குப் போயிருந்த நேரம், ஒரு பெண்பிள்ளை வந்து வாசல்ல நின்னா. சுடலையாண்டியோட வீட்டுக்காரி, பிந்து. வில்லுக்குறியிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா. உள்ளே விளிச்சு உட்கார வச்சேன். சாயா போட்டுக் குடுத்தேன், குடிக்கல. என் காலையே பார்த்துட்டிருந்தா.

"எங்க வீட்டுக்காரராலதான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு சொல்றாவ. அதான் பார்க்க வந்தேன்" என்றாள்.

"அது இன்னும் முடிவாகலையே" என்றேன்.

"இருபது வருஷமா அந்த வேலை. ஒரு குறை கேட்டதில்லை. ஆனா போன தடவை வந்தப்போ, கண்ணு கொஞ்சம் மங்குதுன்னு சொல்லிட்டிருந்தாரு. கண்ணாடி மாத்தணும்னாரு. அதுலதான் பிசகிப் போச்சோ என்னமோ. நான் அதை யாருகிட்டயும் சொல்லல. உங்க கிட்டத்தான் சொல்றேன்."

போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க தம்பி அங்ஙன கூட நிக்கிறவருதானே. ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லு மக்கா. நல்ல மனுஷன். உனக்கு அண்ணன் மாதிரி.

அக்கா
சுபிதா


20.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்க எல்லாருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறோம். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சல், இப்போ சரியாயிட்டுது. குப்புற விழுறா. லீமா அவளுக்குக் கூழ் காய்ச்சிக் குடுக்கத் தொடங்கலாமான்னு அம்மைகிட்ட கேட்கச் சொன்னா.

இங்கே சூடு தொடங்கியாச்சு. வேலை கூடுதல். அதனாலதான் பதில் எழுதப் பிந்திப் போச்சு.

சுபின்


புதுக்கடை
2.5.2024

அன்புள்ள சுபின்,

கூழ் ஆறு மாசத்துக்குப் பிறகு போதும்னு அம்மை சொல்லச் சொன்னா. நேந்திரங்காய்ப் பொடி எபிசன் கையில குடுத்து விடுறேன்.

உன் ஏப்ரல் மாசக் கடிதத்துல சுடலையாண்டி பேரே இல்லை. மறந்துட்டேன்னு முதல்ல நினைச்சேன். பிறகு மார்ச் மாசக் கடிதத்தை எடுத்து இன்னொருக்கா படிச்சேன். பதினெட்டு வருஷமா கணக்குப் பேப்பர் திருத்துறேன். எங்கே வழி எழுதாம விடை மட்டும் எழுதியிருக்குன்னு கண்ணு தானாப் போய் நிக்கும். கேப்டன் நிறுத்தினாருன்னு எழுதியிருக்கே. சுடலையாண்டி பூட்டினாருன்னு எழுதியிருக்கே. காலையில மட்டும் "இருநூத்தி மூணு இருந்ததா எழுதியிருக்கு." யாரு எழுதினதுன்னு இல்லை.

கிளம்பின அன்னைக்கு ஏர்போர்ட்ல பெட்டியைப் போட்டுட்டு நான் உனக்குப் போன்ல விளிச்சேன். ஏழு மணிக்கு முன்னால. நீ, "வேலையில நிக்கேன் அக்கா, வர முடியாது" என்றாய். நான் விடல. இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே பார்ப்போம், அஞ்சு நிமிஷம் எனக்குத் தரக் கூடாதான்னு கேட்டேன். நீ ஓடி வந்தே. மூச்சு வாங்குச்சு. சட்டைப் பையில ஒரு கேஜ் தொங்கிச்சு. இது என்னதுன்னு கேட்டேன். வீலுக்குக் காத்து பார்க்கிறதுன்னு சொன்னே. பார்த்தாச்சான்னு கேட்டதுக்கு, "போய்ப் பார்க்கணும்" என்றாய். நேரம் ஆயிட்டுதுன்னு சொல்லி நான்தான் உன்னை விட்டேன்.

நான் நினைக்கிறது தப்பா இருந்தா என்னைத் திட்டி ஒரு வரி எழுது. தப்பு இல்லேன்னா எனக்கு ஒண்ணும் எழுத வேண்டாம். சொல்ல வேண்டிய இடம் நான் இல்லை. உன் வேலை, லீமா, பிள்ளை, விசா எல்லாம் நான் யோசிக்காம எழுதல. நாலு நாள் யோசிச்சேன். ஆனா இனி ஒரு தடவை பிந்து வந்து என் முன்னால உட்கார்ந்தா நான் எங்கே பார்க்க?

உன்னை விளிச்சது நான். அதையும் சேர்த்துச் சொல்லு.

அக்கா


புதுக்கடை
10.6.2024

சுபின்,

சுகமா இருக்கியா? இன்னைக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு.

அம்மைக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. கடுதாசிக்காரன் அவ கையில விமானக் கம்பெனிக் கடிதத்தைக் குடுத்திருக்கான். "படியில சறுக்கினவளுக்கு அவன் எதுக்கு வருத்தம் தெரிவிக்கான்?" என்று கேட்டா. எல்லாம் சொன்னேன், உன் காரியம் தவிர. அவ, "அதான் அவன் போன்ல ஒழுங்காப் பேசல. நான் பணப் பிரச்சனைன்னு நினைச்சேன்" என்று சொல்லிட்டு எழும்பிப் போனா.

எனக்கு உன் மேல கோபம் இல்லை. இதை எழுதத்தான் காகிதம் எடுத்தேன்.

அக்கா


22.6.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் மே பதினஞ்சாம் தேதி கிடைச்சுது. வேலைக்குப் போற பையிலயே வச்சிருந்தேன்.

அன்னைக்குக் காலையில முன் சக்கரம் ரெண்டும் பார்த்தேன். இடது பக்கம் ரெண்டும் பார்த்தேன். வலது ரெண்டும் பாக்கி. அப்போதான் உன் போன். உன்னைப் பார்த்துட்டுத் திரும்பி ஓடும்போது, நேரே போய்ப் பார்த்துடணும்னுதான் நினைச்சேன். அங்கே லக்கேஜ் வண்டி வலது பக்கத்தை அடைச்சு நின்னுது. சூப்பர்வைசர் காத்துக் கணக்கு எழுதுற ஷீட்டைக் கேட்டார். முந்தின நாள் ஷீட்டைப் பார்த்து அந்த எண்ணையே எழுதினேன். இருநூத்தி மூணு, இருநூத்தி நாலு. கையெழுத்துப் போட்டேன்.

நீ விளிச்சதால ஆச்சுன்னு நினைக்காதே. அது முதல் தடவைன்னு சொன்னா எனக்கு லேசா இருக்கும். முதல் தடவை இல்லை. இதுக்கு முன்னாலயும் நாலஞ்சு தடவை பார்க்காம எழுதியிருக்கேன். ஒண்ணும் ஆகல. அதனாலதான் அன்னைக்கும் யோசிக்காம எழுதினேன்.

சத்தம் கேட்டப்போ நான் விமானம் நிறுத்துற ஹேங்கர் வாசல்ல நின்னேன். புகை வலது பக்கம். எந்த சக்கரம்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கல. நீ உள்ளே இருக்கேன்னும் எனக்குத் தெரியும். அந்த மூணு செகண்டைத்தான் நான் தினமும் நினைக்கேன். இன்னும் மூணு செகண்ட் கழிச்சு அந்த டயர் போயிருந்தா, பக்கத்து டயரும் கூடப் போயிருந்தா. நீ கேட்டேன்னுதான் மார்ச் மாசம் அதை விளக்கமா எழுதினேன்.

சுடலையாண்டி அண்ணனை நிறுத்தின பிறகு சொல்லலாம்னு ஒரு வாரம். பிறகு சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேட்பாங்கன்னு ஒரு மாசம். அப்படியே போச்சு. அவர் ஒரு நாள் என்னை அவர் ரூமுக்கு விளிச்சு, "நான் அந்த வால்வை ரெண்டு தடவை பார்த்தேனே சுபினே, எப்படிப் போச்சு?" என்று என்கிட்டயே கேட்டார். "கண்ணு ஏமாத்திட்டுதோ" என்று அவரே சொல்லிக்கிட்டார். அதையும் கேட்டுட்டு நான் டியூட்டிக்குப் போனேன்.

லீமாகிட்ட முதல்ல சொன்னேன். மூணாம் நாள் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே, "பெட்டி பெரிசு ஒண்ணு வாங்கணுமா, சின்னது ரெண்டு வாங்கணுமா?" என்று கேட்டா.

போன செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரிகிட்ட போய்ச் சொன்னேன். ஒரு பெண். என் கார்டு எந்தக் கதவுல எத்தனை மணிக்குப் பதிஞ்சிருக்குன்னு எடுத்துப் பார்த்தா. வலது சக்கரம் பார்த்ததா ஷீட்டுல எழுதின நேரமும் நான் டெர்மினல் கதவைக் கடந்த நேரமும் ஒண்ணு. யாரும் பார்க்காததால தெரியாம இருந்திருக்கு. இப்போ எதுக்குச் சொல்றீங்கன்னு கேட்டா. என் அக்கா அந்த விமானத்துல இருந்தான்னு சொன்னேன். எழுதிட்டிருந்தவ பேனாவை வச்சுட்டா.

என்ன செய்வாங்கன்னு தெரியாது. எது வந்தாலும் எழுதுறேன். அம்மைகிட்ட நீயே சொல்லிடு. போன்ல என்னால ஆகாது.

சுபின்


புதுக்கடை
21.7.2024

அன்புள்ள சுபின்,

லீமாவும் அஜிஷாவும் சுகமா வந்து சேர்ந்தாவ. திருவனந்தபுரத்துக்கு நானும் அத்தானும் போயிருந்தோம். பிள்ளைக்கு என் முகம் மறந்து போச்சு, ஒரு மணி நேரம் அழுதா. இப்போ அம்மை மடியில கிடக்கா. உன்னை வேலையில கீழே எறக்கி, கையெழுத்து அதிகாரத்தை எடுத்து, வீல் பூட்டுற வீல் ஷாப்புல ஹெல்பராப் போட்டிருக்குன்னு லீமா சொன்னா. அந்தச் சம்பளத்துக்குக் குடும்பத்தை வச்சிருக்க விசா கிடையாதுன்னும் சொன்னா. நீயாப் போய்ச் சொன்னதால வேலை மிச்சம் இருக்கு. பிள்ளை இங்கே வளரட்டும். நாங்க இருக்கோம்.

அம்மைகிட்ட சொன்னேன். "அவன் சின்ன வயசுலயே வாய்ப்பாட்டை முழுசாச் சொல்ல மாட்டான்" என்றாள். பிறகு முகத்தைத் துடைச்சா.

நானே வில்லுக்குறிக்குப் போனேன். பிந்துவுக்கு அதுக்குள்ள தெரிஞ்சிருந்துது. காலையில எழுதின எண் பொய்னு தெரிஞ்ச பிறகு திரும்பச் சோதிச்சு, காத்து பைய பையத்தான் கசிஞ்சிருக்கு, வால்வுல போட்டிருந்த ரப்பர் வளையம் கம்பெனியிலேருந்து வரும்போதே கீறல் விழுந்தது, பூட்டினவர் மேல குற்றமில்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்களாம். என்னைத் திட்டுவான்னு நினைச்சுத்தான் போனேன். அவ திட்டல. "உங்க தம்பி மேல எனக்குக் கோபம் உண்டு. ஆனா அதை விட, அஞ்சு மாசமா நானும் இவருதான் பிழை பண்ணியிருப்பாருன்னு நம்பிட்டேன். போன்ல அவரு, 'நான் சரியாத்தான் செய்தேன் பிந்து'ன்னு சொல்லும்போதெல்லாம் நான் சரி சரின்னு வேற பேச்சை எடுப்பேன். அவருக்கு அது புரிஞ்சிருக்கும் இல்லையா?" என்று கேட்டா. அவ பக்கத்துல கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்தேன்.

இன்னொரு காரியம். பிப்ரவரியில நொண்டல் இல்லைன்னு உனக்கு எழுதினேன். பொய். இடது கால் சரிஞ்சுதான் ஊன்றுது, மாடிப்படி ஏற முடியல, என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாத்திக் குடுத்திருக்காங்க. இது இப்படித்தான் இருக்குமாம். நீ கவலைப்படக் கூடாதேன்னு மறைச்சேன். இனி மறைக்கல.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
சுபிதா


20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா இருக்கேன். உன் கால் வலிக்கு மழைக்காலத்துல ஒத்தடம் வச்சுக்கோ. பிள்ளை பிடிச்சுப் பிடிச்சு நிக்கிற வீடியோவை லீமா அனுப்பினா, ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன். நாலு பேர் இருக்கிற ரூம். வேலை முடிஞ்சு வந்தா படுத்ததும் உறக்கம்.

சுடலையாண்டி அண்ணன் ஆகஸ்ட்ல திரும்ப வந்தார். இப்போ வீல் ஷாப்புக்கு அவர்தான் பொறுப்பு. புதுக் கண்ணாடி போட்டிருக்கார். நான் அவருக்குக் கீழே. முதல் நாளே போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீலை உருட்டிட்டு நின்னவர் நிமிரவே இல்லை. "உன்னை நான் மன்னிச்சுட்டேன்னு ஊர்ல பேசிக்கிறாவளாம். நான் அப்படி ஒண்ணும் சொல்லல. அந்த போல்ட்டைத் துடை" என்று சொன்னார். அதுக்குப் பிறகு ரெண்டு மாசம் வேலைப் பேச்சைத் தவிர வேற பேச்சு கிடையாது. சாயா நேரத்துல அவர் அந்தப் பக்கம் போனா நான் இந்தப் பக்கம்.

உன் காலைப் பத்தி எழுதியிருந்ததை அவர்கிட்ட சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல. அவர் கேட்டுக்கிட்டார், அவ்வளவுதான்.

நேத்து ஒரு வீல் பூட்டி முடிச்சு, காத்து அடைச்சு, ஒரு நாள் வச்சிருந்து திரும்பப் பார்க்கிற நேரம். அந்த வேலையை என் கையில இதுவரைக்கும் தந்ததில்லை. நேத்து, "பாரு" என்று கேஜை நீட்டினார். வச்சுப் பார்த்தேன். இருநூத்தி ஒண்ணுன்னு சொன்னேன். அவர் எழுதல. என் கையிலேருந்து கேஜை வாங்கி, குனிஞ்சு, கண்ணாடியைச் சரி பண்ணிட்டு, அவரே ஒரு தடவை வச்சுப் பார்த்தார். இருநூத்தி ஒண்ணு. பிறகுதான் எழுதினார்.

எனக்கு அதுல வருத்தம் இல்லை அக்கா. அவர் அப்படித்தான் பார்க்கணும். நாளைக்கு ஆறு வீல் வருது, ஆறையும் அவர் அப்படியே பார்ப்பார். நான் பக்கத்துல நிப்பேன்.

அம்மைக்கும் அத்தானுக்கும் என் அன்பு. பிள்ளைக்கு ஒரு முத்தம்.

தம்பி
சுபின்